பாயும் பக்கம் விட்ட இடம்

என்னங்க,

என் கண்ணைப் பற்றி நீங்கள் கேட்கப்போவதில்லை. கேமராவுக்கு ஒரு கண் போதும்.

ஏரியில் அந்த நாரை அசையாமல் நின்றது. "மரம் மாதிரி நின்னா எவன் பார்ப்பான்? பறந்தாதான் படம்" என்று கல்லை விட்டெறிந்தீர்கள். கால் முறிந்து, இறக்கையைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு சுற்றியது. தண்ணீர் சிவந்தது.

"எடுடீ! வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறா!"

எடுத்தேன். நீங்கள் இரண்டாவது கல்லை வீசியபோது கேமராவை உங்கள் பக்கம் திருப்பி எடுத்தேன். மூன்றாவது கல் எங்கே பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

படம் கச்சிதமாக வந்திருக்கிறது. ஓங்கிய கை, கடித்த பல், விரலை விட்டுக் கிளம்பிய கல். "எந்தப் பக்கம் பாயுதோ அந்தப் பக்கம் இடம் விடணும், மரமண்டை" என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தீர்களே, அப்படியே உங்களை ஓரமாக நிறுத்தி, கல்லுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டிருக்கிறேன். அந்த இடம் முடிகிற ஓரத்தில் நாரை கிடக்கிறது.

ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. இன்னொன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். இன்ஸ்பெக்டரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரும்மா உனக்கு இவ்வளவு நல்லா கத்துக்குடுத்தது?" என்றார்.

உங்கள் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் மரமண்டை