மெஷின் நீள மீன்

இன்று காலை மெஷினுக்கு எண்ணெய் ஊற்றும்போது கொஞ்சம் கையில் வழிந்தது. துடைக்காமல் விட்டேன். பெட்ரோலும் வெட்டுப்பட்ட கொழுந்தும் கலந்த வாசனை. உன் சட்டையின் வாசனை.

கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் தேயிலை. நான் பல்கலைக்கழகம் போவதற்கு முந்திய எட்டு மாதமும் அந்தப் பக்கம் நீ இருந்தாய். இப்போது படிப்பு முடிந்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, மறுபடியும் அதே மெஷின். எதிரே வங்காளதேசத்துக்காரர் ஒருவர். அமைதியானவர். நீ பேசிக்கொண்டே இருப்பாய். மெஷின் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்காது. உன் வாய் அசைவதைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

மூன்று வாரமாக மழை இல்லை. ஆறு தெளிந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடமும் இப்படித்தான் தெளிந்தது. மேலே கோலா தெர்லா பக்கம் காய்கறித் தோட்டத்துக்காக மலையை வெட்டினால், மழைக்குக் கீழே நமக்கு ஆறு பால் கலந்த தே தாரிக் நிறத்தில் வரும். ஆற்றின் நிறமே அதுதான் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். மழை நின்று பல நாள் கழித்து ஒரு மதியம், பைகளை வரிசையோரம் போட்டுவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ இறங்கினோம். தொங்குபாலத்தின் நடுவில் நின்றாய். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தாய்.

"கீழ பாரு. மெதுவா."

மடுவின் அடி தெரிந்தது. அதற்கு ஓர் அடி உண்டு என்பதே எனக்குப் புதிது. கூழாங்கற்கள். ஒரு மரக்கட்டை.

"மரக்கட்டை," என்றேன்.

"கட்டைக்கு வாய் இருக்குமாடா?"

அது வாயைத் திறந்து மூடியது.

முழுவதையும் ஒரே சமயத்தில் பார்க்க என்னால் முடியவில்லை. தலையைப் பார்த்தால் வால் தவறியது. வாலைப் பார்த்தால் தலை. கரிய முதுகு. சற்றே சாய்ந்தபோது பக்கவாட்டில் செதில்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், பழைய பித்தளை நிறம். நீரோட்டத்தை எதிர்த்து நின்றது. எதிர்ப்பதுபோலவே இல்லை. ஆறுதான் அதற்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்து போனது. மலாய்க்காரர்கள் கெலா என்று சொல்லும் மீன் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குப் பெயர் தெரியாது. பெயர் இல்லாமல் பார்த்தேன்.

"நம்ம மெஷின் நீளம்டா," என்றாய், மூச்சை விடாமல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாய்.

போன் பையில் இருந்தது. பை மேலே இருந்தது. நல்லவேளை என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக் கடையில் உன்னால் வாயை அடக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாய். போதவில்லை. கடைப் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து காட்டினாய்.

"மெஷின் நீளமா? அப்ப அது பெட்ரோல் குடிக்குமா?"

"நம்ம ஆத்துல வெரல் நீள மீனுதான்லா இருக்கு. இவன் கண்ணுக்கு மட்டும் திமிங்கிலம் வருது."

"கெலா இவ்ளோ ஒயரத்துக்கு ஏறி வராதுப்பா," என்றார் காய்கறி லோரி ஓட்டுகிற அண்ணன்.

மூலையில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஆற்றில் கரண்டு விட்டு மீன் பிடிப்பவன். "பாலத்துக்கு அடியிலயா? நெசம்னா சொல்லு, காலையிலயே பேட்டரிய தூக்கிட்டு வர்றேன்."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிக்கப் போற புள்ள. நீ சொல்லு. பாத்தியா இல்லியா?"

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். இனி கவலை இல்லை என்கிற சிரிப்பு.

"சரியாப் பாக்கலண்ணே. மரக்கட்டை மாதிரிதான் இருந்துச்சு."

கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய், ஒரு நொடி தாமதமாக.

அந்த ஒரு நொடியை இத்தனை வருடம் கழித்தும் என்னால் தாண்ட முடியவில்லை.

மறுநாள் காலை, மெஷினைக் கிளப்பும் முன், எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னாய்: "நல்லதுதான்டா சொன்ன. நம்பியிருந்தா இன்னைக்கி அவன் பேட்டரியோட எறங்கியிருப்பான். எனக்கு அந்த புத்தி வரல. நீ யோசிச்சுதான் சொன்ன."

நான் யோசிக்கவில்லை. சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான். அதை உன்னிடம் சொல்ல ஒரு மூச்சு போதும். கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினேன். அதுதான் என் பதில்.

அன்றிலிருந்து உன் பெயர் மரக்கட்டை. பந்து விளையாடும் திடலில், திருவிழாச் சாப்பாட்டு வரிசையில், சம்பள நாளில். "மரக்கட்டை வந்துட்டான்லா." ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாய். கோபப்பட்டதில்லை. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவாய். நம் இருவரின் ரகசியம் என்று நீ நினைத்தாய். அது என் பொய் மட்டும்தான்.

திரிங்காப் வளைவில், பனிமூட்டத்தில், உன் மோட்டார் சைக்கிள் வழுக்கிய செய்தி பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது என் போனுக்கு வந்தது. உன் பெயர். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மரக்கட்டை. அது இல்லாவிட்டால் யாரென்று பலருக்குத் தெரியாது என்று போட்டிருப்பார்கள். நான் வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்திருந்தது.

இன்று மதியம் தனியாக இறங்கினேன். பாலம் ஆடி அடங்கும்வரை நின்றேன். மடுவின் அடியில் கட்டை எதுவும் இல்லை. கல், மணல், வெயில். உன்னிடம் சொல்லாததை ஆற்றிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தபோது பாலத்தின் நிழல் நகர்ந்தது. பாலம் நகரவில்லை.

நிழலுக்குள்ளிருந்து வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இன்னும் உடம்பு இருந்தது. அதே மீனா, வேறா, தெரியாது. அந்தப் பித்தளை நிறம் வெயிலில் ஒருமுறை திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த முறை போன் சட்டைப்பையில். எடுத்தேன். ஒரு படம் போதும், உன்னை எல்லாரும் நம்புவார்கள். நம்பினால் பேட்டரியோடு வருவார்கள். திரும்ப உள்ளே வைத்தேன். தொப்பியைக் கழற்றினேன். ஏன் என்று அன்று நீ சொல்லவில்லை. இன்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அதே முகங்கள்தான். மூலையில் அந்தப் பேட்டரிக்காரனும்.

"அன்னைக்கி நான் பொய் சொன்னேன்ணே. நானும் பாத்தேன். மீன்தான். இன்னைக்கும் பாத்தேன். மெஷின் நீளம். அவன் சொன்னது நெசம்."

லோரி அண்ணன் கேட்டார்: "படம் எடுத்தியா?"

"இல்ல."

"போன கையில வச்சிக்கிட்டா?"

"ஆமாண்ணே."

முதலில் சிரித்தவன் பேட்டரிக்காரன். பிறகு எல்லாரும். "டிகிரி முடிச்சிட்டு வந்து இதான்லா பேசுறான். ஒரு மரக்கட்டை போனா இன்னொன்னு மொளைக்குது."

வெளியே மழை பிடித்தது. மூன்று வாரத்து மழையும் சேர்ந்து தகரத்தில் இறங்கியது. விடிவதற்குள் மேலேயிருந்து மண் வந்து சேரும். மடுவின் அடி மறைந்துவிடும்.

கடைக்காரர் தேநீரைப் பலகைமேல் வைத்தார்.

"ஆறிடப்போவுது. குடி, மரக்கட்டை."

திரும்பிப் பார்த்தேன்.