திமிங்கலக் குட்டிக்கு ஒரு வாய் புட்டு

குளிர் நாட்டில் போய்க் கண்ணை மூடிவிட்ட என் அருமை அக்காவுக்கு,

உன் மகள் அபி இந்தக் கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உன் காரியங்கள் முடிந்த கையோடு அத்தான் அவளை டொராண்டோவிலிருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். பொறுமை என்ன விலை என்று கேட்கிற ஆள் நான், உனக்குத் தெரியும்தானே. கெஞ்சியும் ஏசியும் புட்டும் முட்டையும் ஊட்டித்தான் அந்தக் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

இப்போது அத்தான் பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறார். பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறதாம், அடுத்த மாதம் வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம். அவரிலும் பிழை இல்லை, பெற்ற தகப்பன். கூடப் போகலாம் என்றால் எனக்கு விசா மறுத்துவிட்டார்கள். அவர் இரவு வேலைக்குப் போனால் அங்கே அவளுக்கு யார் தலை இழுத்துப் பின்னிவிடுவது?

அவள் ஏன் சாப்பாட்டை விட்டாள் என்று நேற்றுத்தான் விளங்கியது. ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரிகிற எங்கள் பல்கனியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். திமிங்கலங்கள் ஏன் சூடான கடலுக்கு வந்து குட்டி போடுகின்றன என்று என் போனில் பார்த்ததைச் சொன்னாள். பிறந்த குட்டியின் தோலுக்கடியில் கொழுப்புக் காணாதாம், குளிர் தாங்காதாம். அந்தச் சூடான கடலில் தாய்க்கு இரை கிடைக்காது, பட்டினி கிடந்துதான் பால் கொடுக்குமாம்.

“குட்டி கொழுத்தா, திரும்பக் குளிருக்குப் போகோணும் சித்தி.”

“போகட்டுமேன், தாயோடதானே போகுது” என்றேன், யோசிக்காமல்.

அவள் புட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். “எனக்கு அம்மா இல்லையே. நான் மெலிஞ்சே இருக்கிறன்.”

அக்கா, நான் ஊட்டிய ஒவ்வொரு வாயும் தன்னை அனுப்பிவைக்கத்தான் என்று நினைத்திருக்கிறாள். பட்டினி கிடந்தாலும் போகத்தான் வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? உன்னில் கோபம்கூட வருகிறது. இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போவாயா?

ஒரு வழியும் தெரியவில்லை. நாளைக் காலையிலும் புட்டைக் குழைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் இருப்பேன். அழுவாள், நானும் அழுவேன். ஆனால் உன் பிள்ளையை மெலிந்த உடம்போடு அந்தக் குளிருக்கு அனுப்பமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சி,
அடுத்த மாதம் வரைக்கும் அபிக்குப் பக்கத்தில் இருக்கிற சித்தி