நில்லாவேகன் இவ்வாண்டு நடந்தே வருவான்

மழை பருவம் தவறாதிருக்க. கோல் கோணாதிருக்க. இரு நாட்டுக்கும் நடுவே நிற்கும் எல்லைக்கல் சாயாதிருக்க.

கல்லாற்று நாடு காக்கும் கடமை பூண்டவனும், ஏழு துறைகளுக்கும் பன்னிரண்டு கணவாய்களுக்கும் உரியவனும், நெடுவழி ஓட்டத்தில் இதுகாறும் தோலாதவனுமாகிய ஆதவேள், முகில்வரை நாட்டில் மருமகளாய்ப் புகுந்து இன்று அதன் செங்கோலையே ஏந்தி நிற்பவரும், மதயானைக்கு அஞ்சாது தம்பியின் குறும்புக்கு மட்டுமே அஞ்சுபவருமாகிய தமக்கையார் எயினிமாதேவியாரின் திருவடி வணங்கி விடுத்த ஓலை.

தங்கள் மலைகளில் தேன் குறையாதிருக்க. தங்கள் குடிகளும் கன்றுகாலிகளும், தங்கள் வேட்டைநாய் வெண்சுடரும் நலமே வாழ்க. இவ்வோலையின் வலப்புற ஓரம் கடிபட்டிருப்பது கண்டு தங்கள் ஒற்றர்கள் கலங்க வேண்டா. யாம் எழுதிக்கொண்டிருக்கையில் எம் மடியில் தலைவைத்துக் கிடந்த அரச அலுவலர் ஒருவர் செய்த வேலை அது. அவரைக் குறித்ததே இவ்வோலையும்.

இரு நாடுகளும் வாளைக் கீழே வைத்த நாள்தொட்டு, ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில், இரு நாட்டு அரசரும் தத்தம் தலைநகரிலிருந்து ஓடிச் சென்று, கதிரவன் உச்சிக்கு வருமுன் எல்லைக்கல்லைத் தொடுவதும், வெண்சுடரின் குலத்தில் வந்த நாயொன்று ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓடி வருவதும் தாங்கள் அறிந்த வழக்கம். நாயில்லாமல் வரும் அரசன் நம்பிக்கையில்லாமல் வருகிறான் என்று இரு நாட்டாரும் கொள்வர். அக்காளும் தம்பியும்தானே என்று குடிகள் எம் முகத்தைப் பார்ப்பதில்லை, நாயைத்தான் பார்க்கிறார்கள்.

எம் பழைய ஓட்டத்துணை முதுமையால் மறைந்தபின், வெண்சுடர் ஆவணியில் ஈன்ற குட்டியைத் தாங்கள் ஐப்பசியில் கூடையில் வைத்து அனுப்பினீர்கள். மூக்கின்மேல் ஒரு சிறு கரும்புள்ளி இருந்ததால் கடுகு என்று பெயரும் இட்டு அனுப்பினீர்கள். அத்தோடு யாம் விட்டிருக்கலாம். மார்கழியில் அவை கூட்டி, சங்கம் முழக்கி, நில்லாவேகன் என்னும் பட்டத்தை அதற்குச் சூட்டினோம். பட்டம் பெற்றவர் பட்டுச்சால்வையைத் தின்றுவிட்டார்.

பிழை அங்கேதான் தொடங்கிற்று. எம் நாட்டில் அரசன் ஓடும்போது பட்டம் பெற்ற எவரும் அமரலாகாது; அரசனும் திரும்பிப் பார்க்கலாகாது. தைத் திங்களில் ஒரு முற்பகல், ஐந்து திங்களே நிரம்பிய அக்குட்டியுடன் கல் பாவிய பெருவழியில் ஓடப் புறப்பட்டோம். இரண்டாம் கல்தூரத்தில் அது அமர்ந்துவிட்டது. பின்னால் வந்த அவைமுறை அதிகாரி சேந்தனார், பட்டம் பெற்றவர் அமர்தல் முறையன்று என்று அதனிடம் பணிவுடன் விண்ணப்பித்து, இரு காவலரைக் கொண்டு தூக்கி நிறுத்தினார். ஏழு முறை அமர்ந்ததாம். ஏழு முறையும் கைகூப்பித் தூக்கி நிறுத்தினார்களாம். யாமோ திரும்பிப் பாராமல் ஓடினோம். ஓட்டம் முடிந்து நின்றபோது, அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து எம் கால்களை நக்கிற்று. அதன் முன்னங்கால்களில் ஒன்று மண்ணைத் தொடவில்லை.

அக்கையாரே, இதுவரை யாம் என்று எழுதினேன். இனி நான் என்றே எழுதுகிறேன். பட்டம் ஒருவரை என்ன பாடு படுத்தும் என்பதைக் கண்டுவிட்டேன். வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாயில்லை. நான் நிற்கவில்லை, ஆகவே அதுவும் நிற்கவில்லை.

என் நாய்ப்பட்டிக்குப் பொறுப்பான மாசாத்தி என்பவள் என்னினும் இளையவள். முடியைக் கண்டு குரல் தாழ்த்தும் பழக்கம் இல்லாதவள். காலைத் தடவிப் பார்த்துக் கட்டுப் போட்டபின், குட்டியின் எலும்பு முனைகள் இன்னும் இளகியே கிடக்கின்றன என்றும், இத்தகைய நெடுங்கால் நாய்க்கு அவை இறுகப் பதினெட்டுத் திங்களாகும் என்றும், அதற்குள் கல்வழியில் ஓட்டினால் வாழ்நாள் முழுதும் நொண்ட நேரும் என்றும் எடுத்துரைத்தாள். சுடாத பானையில் உலை வைப்போர் இந்நாட்டில் உண்டோ என்றும் வினவினாள். அவை முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது.

இருபது நாள் கட்டுக்குப் பின் கால் தேறிவிட்டது; அஞ்சற்க. இப்போது அவள் வகுத்தபடியே நடக்கிறோம். பிறந்து எத்தனை திங்களோ அத்தனை கால் நாழிகை நடை, காலையில் ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின் ஒருமுறை, அதுவும் ஆற்றங்கரைப் புல்லில். மற்ற குட்டிகளோடு தானாக ஓடிப் பிடித்து விளையாடுவதற்குத் தடையில்லை, ஏனெனில் களைத்தால் அதுவே படுத்துக்கொள்ளும். மதில் தாண்டவும் படி இறங்கவும் மட்டும் விடலாகாதாம். ஆகவே அரண்மனையின் நாற்பது படிகளிலும் நானே அதைத் தூக்கிச் செல்கிறேன். கடுகு என்று பெயரிட்ட தாங்கள் இப்போது ஒருமுறை வந்து அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். என் இடுப்பு தங்களை நாள்தோறும் நினைக்கிறது. நடையிலோ ஒவ்வொரு நண்டு வளையிலும் மூக்கை நுழைத்துப் பார்த்தபின்தான் அடுத்த அடி. நானும் நிற்கிறேன். இத்தனை ஆண்டு ஓடிய கரையில் இத்தனை நண்டுகள் இருப்பதை இப்போதுதான் காண்கிறேன்.

இனி, இவ்வோலைக்குக் காரணமான செய்தி. சித்திரை ஓட்டத்துக்குத் துணையின்றி வருவது பழைய பகையை நினைவூட்டும் எனத் தங்கள் அமைச்சர் விடுத்த ஓலை நேற்று வந்தது. சித்திரையில் கடுகுக்கு எட்டுத் திங்களே ஆகும். கால்தான் தேறிவிட்டதே, ஒருநாள் ஓடினால் என்ன என்றனர் என் அமைச்சர் சிலர். வேறொரு நாயின் மூக்கில் மையிட்டு அழைத்துச் செல்லலாம் என்றார் ஒருவர். பெற்ற வெண்சுடர் எல்லைக்கல்லருகே நிற்கும். அதன் மூக்கை மையால் ஏமாற்ற முடியுமா? தங்களிடம் பொய் சொல்லிக் காக்கும் நட்பும் எனக்கு வேண்டா, அக்குட்டியின் காலை ஒடித்துக் காக்கும் நட்பும் எனக்கு வேண்டா.

ஆகவே ஓட்டநாளுக்கு ஆறு நாள் முன்னதாகவே நாங்கள் புறப்படுகிறோம். எல்லைக்கல் வரையுள்ள இரண்டு காதத்தையும் ஆற்றங்கரை வழியே, அதன் அளவுக்கு அதன் நடையில் நடந்தே கடப்போம். மழையோ நண்டோ குறுக்கிட்டு, கதிரவன் உச்சி கடந்தபின்னும் நாங்கள் வந்து சேராவிட்டால், தம்பி நம்பிக்கையோடுதான் வருகிறான், மெல்ல வருகிறான் என்று இரு நாட்டார்க்கும் சொல்லி, கல்லருகே எங்களுக்காகக் காத்திருக்குமாறு தங்களை வேண்டுகிறேன். தங்களிடம் இதுவரை ஆட்சியின் பொருட்டு ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

என் நாட்டார்க்கு விடுக்கும் ஆணையின் படியையும் தங்கள் பார்வைக்கு இதனுடன் எழுதுகிறேன்.

வழிநடையில் கடுகு அமரும் இடத்தில் அரசன் அமர்வான். அரசன் அமரும் இடத்தில் அமைச்சரும் படைத்தலைவரும் அமர்க; சேறாயினும் அமர்க. அவைமுறை அதிகாரி சேந்தனார் முதலில் அமர்க. அது எழுமுன் எவரும் எழ வேண்டா. பதினெட்டுத் திங்கள் நிரம்பும்வரை அதை ஓடச் சொல்லி எவரும் சீழ்க்கை அடிக்கலாகாது. அதன்பின் புல்வெளியில் சிறிது ஓட்டம், சிறிது நடை என நானே தொடங்கி வைப்பேன். வரும் ஆண்டுச் சித்திரையில் அது இளங்காளை. நான் ஓராண்டு மூத்தவன். பாதி வழியில் மூச்சு முட்டி அமரப்போவது நானாகவே இருக்கும். அன்று என்னை எவரும் தூக்கி நிறுத்தலாகாது. கடுகு என் பக்கத்தில் அமர்ந்து காத்திருக்கும்.

மாசித் திங்கள் பதினேழாம் நாள், கல்லாற்றங்கரையில், என் கையாலேயே எழுதி, நண்டு இலச்சினை இட்டேன். ஆற்றில் நீர் உள்ளளவும் இவ்வாணை நிற்க.