கருவி யாருடையது என்று கேட்டபோது

நேற்றுப் பின்னேரம் உன் மகள் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து, என் சாப்பாட்டு மேசையில் அந்த மஞ்சள் ஜீபிஎஸ் கருவியை வைத்தாள். அதன் றப்பர் உறை இப்போது பிசுபிசுத்துப் போயிருக்கிறது.

"அம்மா இதை உங்களுக்குக் குடுக்கச் சொன்னவ, அன்டி." தேநீர் ஆறுவதற்கு முன்பே அடுத்ததையும் சொன்னாள். "உங்களைப் பொலிஸ் பிடிக்கேக்க அம்மாதானே கதைச்சு வெளியில எடுத்தவ? அந்த ஸ்டோரி எனக்கு நல்ல விருப்பம்."

நீ போன செய்தி வந்தபோது அழுதேன். நேற்று அந்த அழுகையைத் திருப்பி வாங்க முடியுமென்றால் வாங்கியிருப்பேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையிடம் மிஞ்சியிருக்கும் தாயை நான் உடைக்கவேண்டும். சொல்லாவிட்டால் என் வாழ்க்கையின் ஒரு நாளை உன் பெயருக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும். இப்படியொரு இடத்தில் என்னை நிறுத்திவிட்டு நீ செத்துப் போயிருக்கிறாய்.

போர் உச்சத்தில் இருந்த காலம். பால்மா வாங்கக் கடைக்குப் போனாலும் அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கும் தமிழருக்கான பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு போனவள் நான். என்னோடு கம்பஸில் படித்துவிட்டுக் கனடா போன நீ விடுமுறைக்கு வந்து, காற்சட்டைப் பையிலிருந்து இந்தக் கருவியை எடுத்துக் காட்டினாய். யாரோ ஒருவர் அவிசாவளைக்கு அப்பால், ஓடைக்கரைக் காட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டிருக்கிறாராம். கருவி வழிகாட்டுமாம். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் பழையபடி ஒளித்துவைக்க வேண்டுமாம்.

"உலகம் முழுக்க ஆக்கள் ஒளிச்சு வைக்கினம், தேடினம். சும்மா விளையாட்டடி."

"இஞ்சையும் ஒளிச்சு வைக்கினம், தேடினம். அது விளையாட்டில்லை."

"நீ கம்பஸிலயே கிழவிதான்."

அந்தச் சொல்லுக்கு ரோசப்பட்டுத்தான் வந்தேன்.

றப்பர்த் தோட்டம் முடிந்ததும் பாதை ஓடையோடு சேர்ந்து மரங்களுக்குள் புகுந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். கல்லில் உட்கார்ந்து காலை விட்டபோது சின்ன மீன்கள் வந்து குதிக்காலைக் கொத்தின. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அட்டை கடித்த இடத்தைக்கூடப் பிறகுதான் கண்டேன். நீ வேருக்கடியில் பெட்டியை இழுத்தெடுத்துக் கூவினாய். "பேர் எழுதடி" என்று பேனையை நீட்டினாய். "என்ட பேர் பொலிஸ் கொப்பியளில இருக்கிறதே போதும்" என்றேன். நீ உன் பெயரை மட்டும், பெரிய எழுத்தில், எழுதினாய்.

திரும்பும்போது ஓடையில் வழுக்கி விழுந்தாய். உன் பை நனைந்துவிட்டது. கருவியை நீட்டினாய். "இதை உன்ட பைக்குள்ள வை." வைத்தேன்.

கொழும்புக்குள் நுழையுமுன் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். பெண் பொலிஸ் என் பைக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். திரையில் வரைபடம், அதில் புள்ளிகள். "மேக்க காகெத?" என்றாள். யாருடையது என்று கேட்கிறாள் என்பது உனக்குத் தெரியாதா? சிங்களப் பிள்ளைகளோடு ஒரே விடுதி அறையில் நான்கு வருடம் இருந்தவள் நீ. உன்னைப் பார்த்தேன். நீ பஸ்ஸின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு கனடாக் கடவுச்சீட்டை எடுத்து நீட்டி, விடுமுறைக்கு வந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னாய். அவ்வளவுதான் நீ பேசியது.

மற்றதையெல்லாம் நான் பேசினேன். பெட்டி, கொப்பி, விளையாட்டு என்று சிங்களத்தில் விளக்க விளக்க அது எனக்கே பொய்யாகக் கேட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இவ்வளவு நல்ல சிங்களம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். அதுவும் ஒரு குற்றமாயிற்று. உன்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் வேலை செய்த ஆய்வுகூடத்தின் மேலாளர், ஒரு சிங்கள அம்மா, மறுநாள் மதியம் வந்து கையெழுத்துப் போட்டு, கருவியையும் திருப்பி வாங்கி, என்னைக் கூட்டிப்போனார். இடையில் அங்கே என்ன கேட்டார்கள் என்பதை உனக்கும் சொன்னதில்லை.

நீ சொக்லேட் பையோடு என் வீட்டுக்கு வந்து கருவியை வாங்கிக்கொண்டாய். "பேசாமல் நிண்டா ரெண்டு பேருக்கும் நல்லதெண்டு நினைச்சன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாய். அதிகம் பேசாத சிநேகிதி எவ்வளவு வசதி உனக்கு! கனடாவுக்குத் திரும்பிப் போய், நீயே என்னை மீட்டதாகக் கதையையும் திருத்திக்கொண்டாய்.

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

"உன்ட அம்மா என்னை எடுக்கேல்ல, பிள்ளை. இது ஆருடையது எண்டு கேட்கேக்க அவ வாய் திறக்கேல்ல."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "பயந்திருப்பா, அன்டி."

"ஓம். நானும் பயந்தனான்."

"அப்ப ஏன் கடைசி மட்டும் ஃபிரெண்டா இருந்தனீங்கள்?"

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். அத்தனை வருடப் போரில் அடையாள அட்டை எந்தப் பைக்குள் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தது அந்த ஓடையில் மட்டும்தான். வேறு யாரும் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கமாட்டார்கள். இன்றைக்கும் மனம் ஓயாத வேளைகளில் அந்தத் தண்ணீரில்தான் காலை விடுகிறேன். ஆனால் கரையேறும் ஒவ்வொரு முறையும் மேலே அந்த வரிசை நிற்கிறது, நீயும் அதில் நிற்கிறாய். அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ள நீ என்னை விடவில்லையேடி. மற்ற எதையும் மன்னித்திருப்பேன்.