செண்பகம் பூசாதே

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன், அதை முதலில் தெரிந்துகொள். நீயும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதைக் கொண்டுவருபவர் எங்கள் சென்ட்டுக் கடை லாரி ஓட்டுநர். பத்து வருடப் பழக்கம். கேட்டால்தான் பேசுவார், கேட்டாலும் பாதிதான் பேசுவார். அவரை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடு. பிறகு உட்கார்ந்து படி.

தப்பு என்னுடையது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்தச் செண்பக வாசனை ஒரு பாட்டில் அனுப்பு என்று போன மாதம் எழுதியிருந்தாய். கோடைக்கென்றே செய்த மெல்லிய சரக்கு அது. மேலே எலுமிச்சை, உள்ளே செண்பகம், இரண்டு மணி நேரத்தில் காற்றோடு போய்விடும். நான் தபாலில் போட்டால் வழியெல்லாம் கசிந்து வெறும் பாட்டில்தான் வந்து சேரும். கடையின் பார்சல் பிரிவு கட்டினால் ஒரு சொட்டு சிந்தாது. ஆனால் அவர்களுக்கு வாடிக்கையாளர் அட்டை வேண்டும்: முன்பக்கம் பிடித்த வாசனை, பின்பக்கம் முகவரி. உனக்கும் ஒன்று எழுதிப் பெட்டியில் செருகினேன். பார்சல் போனதும் கிழித்திருக்க வேண்டும். அடுத்த கோடைக்கும் ஆகுமே என்று விட்டுவிட்டேன். உன்னை ஒளித்துவைத்த நானே உன் முகவரியையும் எழுதிவைத்தேன், பார் என் புத்தியை.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் பின்னறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். உன் புருஷன் கடைக்கு வந்திருக்கிறான். கவுன்ட்டரில் நின்றவள் புதிதாகச் சேர்ந்த பெண், அவனை அறியாதவள். நாங்கள் அட்டை வைத்திருப்பது அவனுக்குப் பழைய நாளிலேயே தெரியும். மனைவிக்குப் பரிசு வாங்கணும்மா, அவ எந்த வாசனை போடுவான்னு மறந்துபோச்சு, அட்டையில பாத்துச் சொல்லேன் என்று தேனொழுகப் பேசியிருக்கிறான். பாவம், அவள் எடுத்துக் கையிலேயே கொடுத்துவிட்டாள். நான் வெளியே வந்தபோது அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

பாய்ந்து பிடுங்கினேன். முடியைக் கொத்தாகப் பிடித்து என் முகத்தைக் கண்ணாடி மேஜையில் மோதினான். ஒரு தடவை இல்லை, கண்ணாடி உடையும்வரை. மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அட்டையை விடவில்லை. வாயில் திணித்து ரத்தத்தோடு மென்று விழுங்கினேன். உள்ளே விரலை விட்டுத் தோண்டினான். கடித்தேன். அவன் அலறியபோது, மோந்து பார்க்க வைத்திருக்கும் மாதிரிப் பாட்டிலை எடுத்து இரண்டு கண்ணிலும் பீய்ச்சினேன். கண் தெரியாமல் கையை வீசினான். கோடை வாசனைப் பாட்டில்கள் வரிசை முழுக்கத் தரையில் நொறுங்கியது. மல்லிகை, சம்பங்கி, செண்பகம் எல்லாம் ஒரே குளம். அதில் வழுக்கி விழுந்தான். அங்கே நிறுத்தியிருக்கலாம். கனமான பாட்டிலாகப் பார்த்து எடுத்து மண்டையில் மூன்று போடு போட்டேன். ஒன்று அவன் முறித்த உன் மணிக்கட்டுக்கு. ஒன்று கதவுக்குப் பின்னால் ஒளிந்து பாப்பா நனைத்த பாவாடைக்கு. மூன்றாவது என் ஆசைக்கு. காவலாளி இழுத்திருக்காவிட்டால் நான்காவதும் உண்டு. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அந்த ரகளையிலும் ஒரு அம்மாள் வாசலில் நின்று, ரொம்ப நல்லா இருக்கே, இது என்ன சென்ட்டு என்று விசாரித்தாளாம். காவலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். கன்னத்துத் தையல் என்னைச் சிரிக்க விடவில்லை.

அவன் சாகவில்லை. போலீஸ் காவலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறான், திங்கட்கிழமை வெளியே விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது கத்தினான்: ஊரு தெரிஞ்சுபோச்சுடி, தெருதான் பாக்கி, அவ வாசனை போதும் எனக்கு என்று. வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்காதே. சந்தைக் கூட்டத்தில் அந்த வாசனையை வைத்தே பின்னாலிருந்து உன்னைக் கண்டுபிடித்துப் பின்னலைப் பிடித்து இழுத்துப்போனவன் அவன். அன்று நீ மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

ஆகவே இனிமேல் செண்பகம் பூசாதே. அந்த வாசனை ஏறிய துணிகளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பு. இரண்டு பை போதும். ஓட்டுநர் ஒரு மணி நேரம் காத்திருப்பார், பாப்பாவோடு லாரியில் ஏறு. எங்கே என்று இதில் எழுதமாட்டேன், ஒரு தடவை எழுதிப் பட்டது போதும். எனக்கே தெரியாது. இடத்தை அவரே பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். நீயும் எழுதாதே. என்னை அடித்தாலும் நான் சொல்லமாட்டேன், ஆனாலும் தெரியாமலிருப்பது நல்லது.

இத்துடன் வேறொரு பாட்டில் இருக்கிறது. பழைய அலமாரி நாற்றம் என்று நீ கேலி செய்வாயே, அந்தக் குளிர்கால மரவாசனை. வெயிலுக்கு ஒத்துவராது, பொறுத்துக்கொள். ஒரு துளி வைத்தால் ஒரு வாரம் நிற்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன அட்டைத் துண்டில் அதைத் தெளித்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. ஒரு எழுத்தும் வேண்டாம்.

அந்தப் புதுப் பெண்ணை மோந்து பார்க்கச் சொல்வேன். அவள் ஆமாம் என்றால் நீங்கள் இருவரும் பத்திரமென்று அறிந்துகொள்வேன். இந்தப் பாட்டில் சரிதானா என்று மோந்து சொன்னதும் அவள்தான். என் மூக்கு இனி எதற்கும் ஆகாதாம். போகட்டும், நீங்கள் இருங்கள்.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுக் கிளம்பு, கண்ணே.

உன்
அக்கா