டிவியிடம் வழி கேட்ட நாட்கள்

ஜூன் 3, திங்கள்

இஸ்திரிப் பெட்டியும் துணி மூட்டையும் இருந்த மூலையைக் காலி செய்து மேசை போட்டாகிவிட்டது. ஜன்னல் இடது பக்கம், சுவிட்ச் வலது பக்கம். கதவைச் சாத்தினால் சமையலறைச் சத்தம் பாதிதான் கேட்கும். பாப்பா பிறந்தபோது விட்ட வேலை. அவள் இப்போது இரண்டாம் வகுப்பு. இன்று காலை மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

வேலை பழைய வேலைதான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்வதுதான் புதிது. அதற்கு விபிஎன் என்று ஒன்று. என் மடிக்கணினியிலிருந்து அலுவலகத்துக்குத் தனியாக ஒரு சுரங்கப்பாதை போடுகிறதாம். அதில் நுழைந்தால்தான் ஒலிக்கோப்பு வரும். நுழைவதற்கான எண் கைபேசிக்கு வரும். ஆனால் கைபேசி மேசையில் இருக்கக்கூடாது, அடுத்த அறையில்தான் இருக்க வேண்டும். நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக்கூடாது என்று விதி. நியாயமான விதிதான், ஓட வேண்டியது என் கால்கள் என்பதைத் தவிர.

முதல் தடவையிலேயே இணைந்துவிட்டது. மருந்துப் பெயர்களைச் சரிபார்க்கும் இணையதளமும் பளிச்சென்று திறந்தது. இவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, எதையாவது எதோடாவது இணைத்தால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் இவருக்குச் சோறு இறங்காது. "இது என்ன நம்பர்? அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டிவைத்தேன்.

ஆறு வாரம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம்.

ஜூன் 4, செவ்வாய்

விபிஎன்னை இணைத்தால் ஒலிக்கோப்பு வருகிறது, ஆனால் ஓர் இணையதளமும் திறப்பதில்லை. துண்டித்தால் இணையதளம் எல்லாம் திறக்கிறது, ஒலிக்கோப்பு போய்விடுகிறது. நேற்று இரண்டும் வந்ததே?

ஒரு மருந்தின் பெயரில் சந்தேகம் வந்தால் துண்டிக்க வேண்டும், தேட வேண்டும், ஹாலுக்கு ஓடி எண்ணைப் பார்த்து வந்து மறுபடி இணைக்க வேண்டும். பள்ளி விட்டு வந்த பாப்பா சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நான் ஓடி வரும்போதெல்லாம் கை தட்டினாள்.

ஜூன் 5, புதன்

அலுவலகத்தின் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் ஒவ்வொரு வாக்கியத்தையும் "ஓகேவா" என்றுதான் முடிக்கிறாள். "ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஓகேவா? இப்ப விபிஎன்ன எடுத்துட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணலாம், ஓகேவா?" எல்லாம் செய்தோம். ஓகே ஆகவில்லை. கடைசியில், "எல்லாருக்கும் வேலை செய்யுது மேடம். உங்க வீட்டு லைன்லதான் ஏதோ இருக்கு, ஓகேவா?" என்றாள்.

ஓகே இல்லை, தாயே.

ஜூன் 7, வெள்ளி

இணைய நிறுவனத்து லைன்காரர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே தன் கைபேசியில் வேகத்தை அளந்து பார்த்தார். "லைன் ராக்கெட் மாதிரி போகுது. உங்க ஆபீஸ் சைடுதான் பிராப்ளம்." அலுவலகம் வீட்டைக் கை காட்டுகிறது, வீட்டுக்கு வந்தவர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார். நடுவில் நான் பந்து.

இவர் மட்டும், "லைன்லாம் பக்காவா இருக்கும், அதுல சந்தேகமே வேண்டாம்" என்று அடித்துச் சொன்னார். இவருக்கு எப்படித்தான் எல்லாவற்றிலும் இப்படி ஒரு நம்பிக்கையோ.

ஜூன் 10, திங்கள்

மேற்பார்வையாளர் மேடம் கூப்பிட்டார். குரல் தன்மையாகத்தான் இருந்தது, அதனால்தான் அதிகம் பயந்தேன். என் அறிக்கைகளில் கோடுகள் அதிகமாம். உறுதியாகத் தெரியாத மருந்துப் பெயரை ஊகித்து எழுதக்கூடாது, கோடு போட்டுக் காலியாக விட வேண்டும், மேலே உள்ளவர்கள் கேட்டு நிரப்புவார்கள். அதுதான் இந்த வேலையின் முறை. ஒன்றிரண்டு கோடு யாருக்கும் விழும். எனக்கு வரிக்கு வரி விழுகிறது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் துண்டித்து ஓடினால் கோப்பு முடிவதில்லை; ஓடாவிட்டால் கோடு.

"வீட்ல இன்டர்நெட் சரிப்படலைன்னா நீங்க இங்க ஆபீசுக்கு வந்துதான் செய்யணும்மா. இந்த மாசம் முடியறவரைக்கும் பார்க்கறேன்" என்றார்.

அங்கே என்றால் வேறு ஊர். ஒரு ராத்திரி ரயில் தூரம். இவர் வேலைக்குப் போய்விட்டால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. ஆகவே அதற்கு அர்த்தம் ஒன்றுதான். மறுபடி இஸ்திரிப் பெட்டி அந்த மூலைக்கு வந்துவிடும்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்கு எதுக்குடி இந்தத் தலைவலி, அவர்தான் சம்பாதிக்கிறாரே" என்றாள். எனக்கு எதுக்கா? எனக்கு வேணும்க்கா. எனக்குப் பிடிச்சிருக்கு. ஹெட்போன மாட்டிக்கிட்டு யாரோ ஒரு ஆளோட நெஞ்சுவலியைப் பத்தி ஒரு எழுத்துப் பிசகாம எழுதி அனுப்பறப்ப நான் நானா இருக்கேன். இதைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. வைத்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று அழவில்லை. நேரம் இல்லை.

ஜூன் 12, புதன்

இதய டாக்டர் ஒருவர் இருக்கிறார், எதையோ மென்றுகொண்டேதான் பேசுவார். முறுக்கோ கடலையோ, நிச்சயம் மொறுமொறுவென்று ஏதோ ஒன்று. இன்று அவர் சொன்ன மருந்து தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ஊகித்து எழுதிவிடலாம். எழுதினால் ஒரு கோடு மிச்சம். சரியாகத்தான் இருக்கும், முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். அடித்தும் விட்டேன்.

அப்புறம் அழித்தேன். அந்த மருந்தை யாரோ ஒருவர் விழுங்கப்போகிறார். மீதிக் கால்வாசிக்கு யார் பொறுப்பு? என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவரா கிடைத்தார்?

கோடு போட்டேன். போகட்டும்.

ஜூன் 13, வியாழன்

ஒரு துப்பு கிடைத்திருக்கிறது!

ஓகேவா பெண்தான் கூப்பிட்டாள், தானாகவே. என் புகார் இன்னும் திறந்தே கிடப்பது அவளுக்கு உறுத்தியிருக்கிறது. "மேடம், ஒரே ஒரு டெஸ்ட். வீட்டு வைஃபையை விட்டுட்டு உங்க மொபைல் டேட்டால இணைங்க. டெஸ்டுக்காக போன் மேசைல இருக்கலாம், நான் எழுதி வச்சுக்கறேன், ஓகேவா?"

கைபேசியின் இணையத்தில் இணைத்தேன். விபிஎன் போட்டேன். மருந்துத் தளம் திறந்தது. ஒலிக்கோப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்தே!

அப்படியானால் அலுவலகத்தில் குற்றமில்லை, மடிக்கணினியிலும் இல்லை. வீட்டுக்குள்தான் இருக்கிறது. லைன்காரரை மனதுக்குள் திட்டினேன். கைபேசியை வைத்தே காலம் தள்ளவும் முடியாது. இந்த அறையில் சிக்னல் வந்து வந்து போகிறது, தவிர விதி விதிதான். ஆனாலும் இன்று தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது.

ஜூன் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. சிரிப்பதா அடிப்பதா தெரியவில்லை.

மத்தியானம் ஓகேவா பெண் என்னை வீட்டு வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தை மடிக்கணினியில் திறக்கச் சொல்லி, அங்கே இருந்த எண்களை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "மேடம், இது எங்க ஆபீஸ் நம்பர் ஆச்சே. உங்க வீட்ல எப்படி? யாராவது மாத்தினீங்களா?"

"இங்க யாருக்கும் அதெல்லாம் தெரியாதும்மா" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

அவள் விளக்கியது இதுதான். ஒவ்வொரு வீட்டு வைஃபைக்கும் ஒரு தெருப்பெயர் மாதிரி எண்வரிசை உண்டு, அதில் உள்ள ஒவ்வொரு சாதனமும் ஒரு கதவு எண். எங்கள் வீட்டுத் தெருவுக்கும் அலுவலகத்துத் தெரு ஒன்றுக்கும் ஒரே பெயராக இருக்கிறது. விபிஎன்னில் நுழைந்ததும், எந்த இணையதளம் எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தின் ஐந்தாம் எண்ணிடம்தான் கேட்க வேண்டும். என் மடிக்கணினியோ ஐந்தாம் எண் நம் தெருவிலேயே இருக்கிறதே என்று சுரங்கப்பாதைக்குள் போகாமல், எங்கள் வீட்டு ஐந்தாம் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. ஒலிக்கோப்புகள் இருப்பது அலுவலகத்தின் வேறொரு தெருவில், அதனால்தான் அவை மட்டும் வந்தன.

"உங்க வீட்ல அஞ்சாம் நம்பர் எதுன்னு பாருங்க மேடம்."

பார்த்தேன். டிவி.

இத்தனை நாளும் என் மடிக்கணினி ஹாலில் இருக்கும் டிவியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது என்ன சொல்லும், பாவம்.

"முதல் நாளே இதைக் கேட்டிருக்கணும் மேடம். சாரி" என்றாள் அந்தப் பெண். அதற்கு மட்டும் ஓகேவா போடவில்லை.

சாயங்காலம் இவர் வந்து டீயைக் கையில் எடுத்ததும் கேட்டேன். "ஏங்க, வைஃபை பெட்டில எதையாவது மாத்தினீங்களா?"

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "ஓ, கண்டுபிடிச்சிட்டியா? அன்னைக்கு உன் ஸ்கிரீன்ல ஆபீஸ் நம்பர் ஓடுச்சில்ல, மனசுல வச்சுக்கிட்டேன். நீ குளிக்கப் போனப்ப நம்ம பெட்டிலயும் அதையே போட்டுட்டேன். லிஃப்ட்ல மேல இருக்கிற போர்டும் கேபின் போர்டும் ஒரே நம்பர்ல இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு பேசும். இல்லேன்னா நடுவழியில நின்னுடும். உனக்கு அப்படி ஆகக்கூடாதுல்ல?"

ஐயோ.

கத்திவிட்டேன். என்ன மனுஷன் நீங்க, ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க, நான் நாய் மாதிரி ஹாலுக்கும் ரூமுக்கும் ஓடறேன், நீங்க பார்த்துக்கிட்டே இருக்கீங்க, லைன் பக்காவா இருக்கும்னு வேற சொல்றீங்க, என் வேலை போகப் போகுதுன்னு தெரியுமா தெரியாதா? என்னென்னவோ சொன்னேன். கடைசியாகச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

இவர் டீயைக் கீழே வைத்தார். "நல்லது பண்றோம்னுதான் நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான். பாப்பா அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்தாள்.

ஜூன் 15, சனி

காலையில் நானே வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். ஓகேவா பெண் சொல்லிவைத்த மாதிரி, யாருடைய அலுவலகத்திலும் இருக்க வாய்ப்பில்லாத ஓர் எண்வரிசையைப் போட்டேன். இவர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கும் பையன் மாதிரி நின்றார். "தொட மாட்டேன். பார்க்க மட்டும் செய்யறேன்" என்றார்.

பெட்டியை அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு வர ஒரு யுகம் ஆனது. ஹாலுக்கு ஓடி எண்ணைப் பார்த்துவந்து விபிஎன்னை இணைத்தேன். மருந்துத் தளத்தின் பெயரை அடித்தேன். திறந்தது. மூடினேன். மறுபடி திறந்தது. ஒலிக்கோப்பைப் போட்டேன், மென்றுகொண்டே பேசும் டாக்டர் கடகடவென்று பேச ஆரம்பித்தார். அவர் குரல் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

திரும்பிப் பார்த்தால் இவர் கண் கலங்கி நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கும் வந்துவிட்டது. "டிவிகிட்ட போய் வழி கேட்டிருக்கு பாரு உன் லேப்டாப், என்னை விட மோசம்" என்றார். முதுகில் ஒன்று வைத்தேன். நேற்று கடைசியாகச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். "எதைச் சொன்ன? எனக்கு ஞாபகமில்லையே" என்றார். நன்றாகவே ஞாபகம் இருக்கிறது இவருக்கு.

ஜூன் 19, புதன்

இன்று முழு நாளில் இரண்டே கோடுகள். இரண்டிலும் டாக்டர் தும்மினார், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜூன் 28, வெள்ளி

மேற்பார்வையாளர் மேடம் கெடு வைத்த மாதம் முடிகிறது. கூப்பிடுவார் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை. நல்லதா கெட்டதா? பழைய கோடுகளெல்லாம் கணக்கில்தானே இருக்கும். சரியான பிறகு செய்ததைப் பார்ப்பார்களா, சரியாகும் முன் செய்ததைப் பார்ப்பார்களா?

தெரியாததை ஊகிக்க வேண்டாம். அதுதானே இந்த வேலையின் முறை.

ஜூலை 4, வியாழன்

காலையில் ஒரு தளமும் திறக்கவில்லை. மறுபடியுமா? விபிஎன்னைத் துண்டித்தேன், எண்களைப் பார்த்தேன், டிவியை முறைத்தேன். கடைசியில் பார்த்தால் எங்கள் தெருவுக்கே இணையம் இல்லை, யாரோ குழி தோண்டியபோது கேபிளை அறுத்துவிட்டார்கள். அப்பாடா என்று இருந்தது. பக்கத்து வீட்டம்மா, "நெட்டே இல்ல, நீங்க ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

ஜூலை 12, வெள்ளி

பதினொரு மணி வாக்கில் அவசரக் கோப்பு ஒன்று வந்தது. அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருக்கும் நோயாளி, அறிக்கை உடனே வேண்டும். பாதியில் இருக்கும்போது மடிக்கணினியிலேயே மேடத்தின் அழைப்பு வந்தது. எடுத்து, "மேடம், அவசரக் கோப்புல இருக்கேன். முடிச்சிட்டு நானே கூப்பிடட்டுமா?" என்றேன். "சரிம்மா, முடிங்க" என்றார்.

முடித்தேன். ஒவ்வொரு மருந்தையும் தளத்தில் சரிபார்த்து அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இன்று சோதனைக் காலத்தின் கடைசி நாள். அந்த மேடத்தையா காத்திருக்கச் சொன்னேன்?

கூப்பிட்டேன். மன்னிப்பில்தான் ஆரம்பித்தேன். மேடம் சிரித்தார். "நான் சொல்ல வந்தது இதுதாம்மா. நீங்க இனிமே எங்க ஆளு. நிரந்தரம். வீட்லேர்ந்தே செய்யுங்க." முதல் வாரங்களின் கோடுகளைப் பற்றியும் சொன்னார். அத்தனை கோட்டிலும் ஒன்றைக்கூட நான் ஊகித்து நிரப்பவில்லை என்பதைத்தான் பார்த்தார்களாம்.

நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. இவரைக் கூப்பிட்டேன், ஏதோ கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருக்கிறார் போலிருக்கிறது, மணி போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். வரிசையில் அடுத்த கோப்பு காத்திருந்தது. ஹெட்போனை மாட்டினேன். நிறுத்தாமல் மூன்று கோப்பு முடித்தேன். பிழை எதுவும் விடவில்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.