பாவாயியின் கண்ணுக்கு ஒரு தூரக்கண்ணாடி

மார்கழி 3, திங்கள்

பனி. இன்று வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் முறை, போகவில்லை. என் வீட்டுக்காரி பாவாயிக்கு விடிய விடிய இருமல், ரத்தம். பொங்கல் தாண்டட்டும் என்கிறார் டாக்டர். க்ஷயத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

கட்டிலை மாடி ஜன்னலோரம் போட்டாயிற்று. காவிரி மணல்திட்டு முழுக்கத் தெரிகிறது. கொக்கு, நாரை, ஆள்காட்டி எல்லாம் பேர் சொல்லிவிடுகிறாள். தண்ணீரோரம் பொடிசாக ஒரு கூட்டம் ஓடுகிறது, புது வரவு. அது மட்டும் பிடிபடவில்லை. "அது மூஞ்சியக் கிட்டத்துல பாக்கோணுமுங்க" என்கிறாள். இதுவரை ஒரு சேலைகூட வாய்விட்டுக் கேட்காதவள்.

மார்கழி 5, புதன்

வாய்க்கால் ஓவர்சியரிடம் இரட்டைக்குழல் தூரக்கண்ணாடி இரவல். எனக்கு அக்கரைப் பனையின் ஓலைகூடத் தெரிந்தது. பாவாயிக்கு இரண்டு வட்டம், நடுவே இருட்டு. குழல்களை முடிந்த மட்டும் நெருக்கி மடக்கியும் அவள் கண்ணுக்கு அகலம். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். தலை சுற்றி வாந்தி.

"எங்கம்மா மூக்குக்கு எடம் உடாமப் பெத்துட்டாங்க" என்று சிரித்தாள். பெண் பார்த்த அன்று என் அக்காவும் கேலி பேசினார், ரெண்டு கண்ணும் கூடிப் பேசுது என்று. எனக்கு அந்த முகம்தான் வேண்டியிருந்தது. இருமல் வந்து சிரிப்பு பாதியில் நின்றது.

சேலத்தில் வாங்க: நெருங்கின கண்ணுக்குத் தூரக்கண்ணாடி. அரிக்கேன் சிம்னி. ஏற்காட்டு ஆரஞ்சு.

அளவுக்கு, ஒரு கருமணியிலிருந்து மறு கருமணி வரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மார்கழி 6, வியாழன்

பெட்ரோல் தட்டுப்பாடு, கரி பஸ். ராசிபுரம் தாண்டி நின்றுவிட்டது, இறங்கித் தள்ளினோம். சேலம் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. நூலைப் பார்த்த கடைக்காரர், "கொழந்தைக்குங்களா?" என்றார். சம்சாரத்துக்கு என்றேன்.

"அளக்கறப்போ எங்க பாத்தாங்க?"

"என்னையத்தானுங்க."

"அதான் தப்பு. கிட்டத்துல பாத்தா கருமணி ரெண்டும் உள்ள வந்துரும். தூரத்துல எதையாவது பாக்கச் சொல்லி அளந்துட்டு வாங்க. மெட்ராசுக்கு எழுதி வரவழைக்கறேன்."

இந்த யுத்தத்தில் எப்போது வந்து சேரும் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரஞ்சு மறந்துவிட்டது.

மார்கழி 8, சனி

ஜுரம். கஞ்சி இறங்கவில்லை. தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். "ஏம்புள்ள, அக்கரைப் பனைமரத்தப் பாரு." பார்த்தாள். நூலைக் கொண்டுபோனால் கண் என் மேல் வந்துவிடுகிறது. மறுபடி, மறுபடி.

கத்திவிட்டேன். "ஒரு நிமிசம் அங்க பாக்கமாட்டியா?"

"பறவை கெடக்குது, உடுங்க. நான் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கறனே."

நூலை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தியிருக்க வேண்டாம்.

மார்கழி 9, ஞாயிறு

விடியற்காலம் மூச்சு நின்றுவிட்டது. கண் திறந்தபடியே. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பார்வை என் பக்கம் வரவில்லை. என்னைத் தாண்டி, நேரே, தூரமாக. கடைக்காரர் கேட்ட பார்வை.

அக்கா தோளைத் தொட்டார். "கண்ணை மூடி உடு சாமி."

என்னால் முடியவில்லை.